ஆடுதக்காவின் திரை

அரசு ஊழியர் ஒருவரின் பணிப்பதிவேட்டில் அவருக்குப் பாதகமான குறிப்பு எதையும் எழுதுமுன் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும். அவர் சொல்வதை எழுத்தில் வாங்க வேண்டும். வாங்கியதைப் பரிசீலித்ததாகவும் எழுத வேண்டும். விதி இதுதான். இந்த விதியை எழுதியவர்கள்கூட இதை முழுதாக நம்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தாமிரபரணி பாயும் இந்த மாவட்டத்தில் மலை தொடங்கிக் கடல் வரைக்கும் தேடினாலும், அதை நம்பிய ஒரே ஆள் ஆடுதக்காதான்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த நல்ல வேதாகமப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு நின்றுகொண்டது. பாளையங்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தில் (எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, எனக்கு இன்னும் ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது) அவர் முதுநிலைத் தட்டச்சர். நான் கண்காணிப்பாளர். ஆடுதக்கா தலைமையாசிரியர் ஒருவரின் மகள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழு, அது முடிந்ததும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வகுப்பு, திங்கட்கிழமை முதல் தட்டச்சு. அவர் முழு வேகத்தில் தட்டும்போது, தகரக் கூரையில் மழை விழுகிறதென்று சைக்கிளை உள்ளே தள்ளிவைக்க ஓடியவர்கள் உண்டு.

அவருடைய பதிவேட்டில் விளக்கம் கேட்காமல் எழுதப்பட்ட வரி இது: ‘நரம்புத் தளர்ச்சி காரணமாக, கணினித் திரை ஆடுவதாகக் கற்பனை செய்துகொள்கிறார்.’ இந்த ஒரு வரியை அடித்துவிட்டு, திரை உண்மையிலேயே ஆடியது என்று எழுதச் செய்வதற்காக அவர் தம் வாழ்நாளில் பாதியைச் செலவழித்தார். மற்ற பாதி ஏற்கெனவே தட்டச்சில் போயிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு முதல் கணினிகள் வந்தன. விலைப்புள்ளி கேட்டபோது திரையில் இரண்டு ரகம் இருப்பதாகக் கடைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். ஒன்று இன்டர்லேஸ்டு. மற்றது நான்-இன்டர்லேஸ்டு. பின்னது விலை அதிகம். எங்கள் அதிகாரி அம்பாசமுத்திரத்துக்காரர், கையில் கிடைத்ததை எல்லாம் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறவர்.

“ஏதோ ஒண்ணு இருக்க சாமானுக்கு வெல கம்மி, அது இல்லாத சாமானுக்கு வெல கூடவா? என்னவே கூத்து இது? நாளைக்கு ஆடிட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” என்று கேட்டுவிட்டு, அது இருக்கிற மலிவான இன்டர்லேஸ்டையே வாங்கினார்.

வேகமான கை ஆடுதக்காவுடையது என்பதால் முதல் கணினி அவர் மேசைக்கு வந்தது. அப்போது அவருக்கு இந்தப் பெயர் இல்லை. அன்று மாலை, நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“சார், இது ஆடுது சார்.”

மேசையைப் பிடித்துப் பார்த்தோம். மேசை ஆடவில்லை. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தோம். மறுநாளும் ஆடுவதாகச் சொன்னார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து பார்த்தோம். எங்கள் யார் கண்ணுக்கும் எதுவும் ஆடவில்லை. கேஷியர் அண்ணாச்சி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “எம்பொண்டாட்டி மாதிரி அசையாம முறைச்சிக்கிட்டுல்லா இருக்கு” என்று சான்றளித்தார். பெயர் அன்றைக்கே வைக்கப்பட்டுவிட்டது.

ஆடுதக்கா சும்மா விடுகிற ஆள் இல்லை. கயிற்றை எடுத்துத் திரையை மேசையோடு சேர்த்துக் கட்டினார். அதன் தலையில் ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார். “தண்ணி நிக்குது பாருங்க, எழுத்து ஆடுது” என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அரசு மின்சாதனத்தின் மேல் தண்ணீர் வைத்ததற்கு ஒரு குறிப்பாணை வந்தது. அடுத்து, குழல் விளக்கும் சேர்ந்து ஆட்டுகிறது என்று கறுப்புக் குடை ஒன்றை விரித்து நாற்காலி முதுகில் கட்டிக்கொண்டார். மனு கொடுக்க வந்தவர்கள், கூரை ஒழுகுகிறது போலிருக்கிறது என்று வெயில் காலத்திலும் இரக்கப்பட்டுப் போனார்கள்.

கடைசியாகக் கண்களுக்கு முறை போட்டார். காலையில் இடது கண். வலது கண்ணைப் பஞ்சு வைத்துத் துணியால் கட்டிவிடுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வலது கண், இடதுக்கு ஓய்வு.

“ரெண்டும் ஒரேயடியா கெட்டுப்போயிரக் கூடாதுல்லா சார். ஒண்ணாவது பைபிள் வாசிக்க வேணும்.”

சிரித்தோம். ஆனால் சாயங்காலம் அவர் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே போவார். தலைவலி அவரை வாரத்தில் பாதி நாள் படுக்கையில் போட்டது.

புகார் வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நான் கோப்பில் எழுதி வைத்ததன் பேரில், ஜங்ஷனிலிருந்து கடைக்கார இன்ஜினியர் வந்தார். அவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்.

“நல்ல திரைன்னா மேலயிருந்து கீழ வரைக்கும் எல்லா வரியையும் ஒரே மூச்சுல எழுதிரும். அதுதான் நான்-இன்டர்லேஸ்டு. இது மொதல்ல ஒத்தப்பட வரிய மட்டும் எழுதும். பொறவு திரும்ப மேல போயி விட்டுப்போன ரெட்டப்பட வரிய எழுதும்.”

“ஏன் அப்படி?” என்று கேட்டேன்.

“வெல கம்மி சார். வேகமா எழுதத் தெம்பு கிடையாது. பாதி வேலயச் செஞ்சிக்கிட்டே முழு வேல செஞ்ச மாதிரி காட்டிக்கிடும்.”

“அப்ப இது நம்ம டிபார்ட்மென்டுதாம்வே” என்றார் கேஷியர் அண்ணாச்சி.

எனக்குப் புரிந்த விதம் இது. வயலில் நடுகிறவர்கள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை நட்டுக்கொண்டே போய், பிறகு திரும்பி வந்து விட்ட வரிசைகளை நடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நடை முடிவதற்குள் முதல் நடையில் வைத்த நாற்று தலை சாய்ந்துவிடும். அதை நிமிர்த்தப் போனால் இது சாயும். திரையில் ஒளிக்கும் அந்தக் கதிதான். ஒரு வரி மங்கும்போது பக்கத்து வரி பளிச்சிடும். பெரும்பாலான கண்கள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். சில கண்களால் அப்படி விட முடியாது. ஆடுதக்காவின் கண் அந்த ரகம்.

இன்ஜினியர் ஒரு வைத்தியமும் செய்தார். திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, வரிகளைக் குறைத்தார். அந்த அளவில் அதே திரை ஒரே மூச்சில் எழுதிவிடுமாம். ஆடுதக்கா கண்கட்டை அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நின்னுட்டு” என்றார்.

அந்த ஒரு மாதம்தான் எங்கள் அலுவலகத்தின் பொற்காலம். குடை மூலைக்குப் போனது. வேலை செய்யும்போது ஞானப்பாட்டு ஒன்றை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருப்பார். தேங்கிக் கிடந்த அறிக்கைகள் எல்லாம் தீர்ந்துபோய், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் திண்டாடினோம்.

பிறகு மதுரையிலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். அவர் எழுதிய ஆட்சேபணை எனக்கு இன்னும் மனப்பாடம். ‘உயர்ந்த அளவில் இயங்கக்கூடிய திரையை வாங்கிவிட்டுக் குறைந்த அளவில் இயக்குவது ஏன்? அரசுப் பணத்தில் வாங்கிய திறன் வீணாவதற்குப் பொறுப்பாளி யார்?’ பொறுப்பாளி என்ற சொல்லைக் கண்டதும் அம்பாசமுத்திரத்துக்காரர் அன்று மாலையே திரையைப் பழைய உயர்ந்த அளவுக்கு மாற்ற வைத்தார். ‘அளவை மாற்றக் கூடாது’ என்று ஒரு சீட்டையும் திரையின் நெற்றியில் ஒட்டினார். மறுநாள் காலையில் ஆடுதக்கா மூலையிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு வந்தார். அதைப் பழையபடி நாற்காலி முதுகில் கட்டிக்கொண்டார்.

அவர் தோற்றுவிட்டார் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் நாலு மணித் தேநீரின்போது என் மேசைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“சார், எனக்கு ஆடுத மாதிரி மத்தவங்களுக்கும் ஆடவைக்க வழி கண்டுபிடிச்சிட்டேன்.”

“என்ன வழி?”

“முறுக்கு.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“வெளாட்டில்ல சார். கடுக்குன்னு கடிச்சிக்கிட்டே திரையப் பாக்கணும். மெல்லும்போது தல அதிருதுல்லா. அப்ப வரியெல்லாம் தனித்தனியா பிஞ்சி ஆடுதது எல்லாருக்குமே தெரியும். எனக்கு முறுக்கு இல்லாமலே தெரியுது. அம்புட்டுதான் வித்தியாசம்.”

ஆய்வு அதிகாரி மறுபடி வந்த நாளில், ஒரு தட்டு நிறையக் கைமுறுக்கு காத்திருந்தது. கல்லைப் போல முறுகச் சுட்டுத் தரச் சொல்லி ஆடுதக்கா வாங்கியிருந்தார். அதிகாரி முதலில் தயங்கினார், பிறகு ஒன்றை எடுத்துக் கடித்தார்.

“என்னங்க இது, ஆடுது.”

“நிப்பாட்டுங்க சார்,” என்றார் ஆடுதக்கா. அதிகாரி மெல்லுவதை நிறுத்தினார்.

“நின்னுருச்சு.”

“இப்ப மெல்லுங்க.”

“ஆடுது.”

ஐயம் திரிபறத் தெளிவதற்காக அவர் பல முறுக்குகளைத் தின்றார். கேஷியர் அண்ணாச்சியும் தம் சாட்சியத்தை மாற்றிக்கொண்டு தட்டில் கைவைத்தார். “ஏ, ஆமாவே, இது என்ன பேயாட்டம் ஆடுது” என்றார். என் முறை வருமுன் தட்டு காலி. ஆடுதக்கா அன்று கண்கட்டு இல்லாமல், குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, தேர்வில் முதலாவது வந்த பெண்ணைப் போல வீட்டுக்குப் போனார்.

ஆய்வறிக்கை வந்தது. ‘முறுக்கு உண்ணும் வேளையில் திரை ஆடுவது நேரில் காணப்பட்டது. எனவே கணினி அறையில் தின்பண்டம் உண்பது இதனால் தடை செய்யப்படுகிறது. இவ்வாணை நடைமுறைக்கு வந்தபின் திரை ஆடுவதாகப் புகார் எழ இடமில்லை.’

புகார் எழ இடமில்லை என்று ஆணை இருக்கும்போது புகார் எழுந்தால் அதற்கு என்ன பொருள்? ஒன்று, அந்த ஊழியர் ஒளித்து வைத்து முறுக்குத் தின்கிறார். இல்லையென்றால் அவருக்கு ஏதோ கோளாறு. மேசை டிராயரைச் சோதித்தார்கள். வேதாகமச் சங்கீதப் புத்தகமும் தலைவலி மாத்திரையும் இருந்தன. ஆகவே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கண் மருத்துவர் எழுத்து அட்டையைக் காட்டினார். ஆடுதக்கா கடைசி வரி வரைக்கும் வாசித்தார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்து வாசித்தார். ‘கண் நலம்’ என்று சான்று கிடைத்தது.

திரை சரி என்று ஆய்வு அதிகாரி சொல்லிவிட்டார். கண் சரி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது நரம்பு. எங்கள் அதிகாரி நரம்பைப் போட்டு எழுதினார். விளக்கம் கேட்கவில்லை என்று நான் பக்கத்தில் குறிப்பு வைத்தேன். ‘பார்க்கப்பட்டது’ என்று அதன்மேல் சுருக்கொப்பம் போட்டார். பார்க்கப்பட்டது என்றால் அலுவலக மொழியில், இதற்குமேல் பார்க்க மாட்டேன் என்று பொருள்.

கணினியிலிருந்து எடுத்து அவரைத் தபால் பிரிவில் போட்டார்கள். மாவட்டத்திலேயே வேகமான விரல்கள் அஞ்சல்தலைக்குப் பசை தடவின. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போதெல்லாம் அந்த வரியும் கூடவே போய் அவர் பெயருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டது. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. அலுவலகச் சேதி தெருவுக்கு வர அதிக நாள் ஆகாது. நரம்புத் தளர்ச்சி என்று காகிதத்தில் எழுதியிருக்கிறதாமே என்று கோயிலில் பேச்சு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று மிகவும் அன்பாகச் சொல்லி, ஓய்வுநாள் பள்ளி வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

“புள்ளைகளப் பயப்படுத்திருவேன்னு நெனச்சிட்டாங்க போல சார்,” என்றார் என்னிடம். அன்றைக்குத்தான் முதல் மேல்முறையீட்டை இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

சில வருஷங்களில் புதுத் திரைகள் வந்தன. யாரும் திருந்தியதால் வரவில்லை. பழைய ரகம் கடையில் கிடைக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான். பெட்டி பிரித்த அன்று ஆடுதக்கா தபால் பிரிவிலிருந்து வந்து கதவோரம் நின்று பார்த்தார். “நிக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பசைப் புட்டிக்குத் திரும்பிப் போனார்.

பழைய திரைகளை ஏலம் விட்டபோது அவரும் ஏலத்துக்கு வந்தார். மேலப்பாளையத்துக் காயலான் கடை பாய் ஒருவர் அவர்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்: “இதுல டி.வி. வராதுக்கா. வீணாப்போன சாமான்.”

“டி.வி. பாக்கவா வாங்குதேன்? சாட்சிக்கு வாங்குதேன்.”

பாய் ஒதுங்கிக்கொண்டார். ஆடுதக்கா திரையை ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். குற்றச்சாட்டுக்குரிய திரை தம் வசம் இருப்பதாகவும், எப்போது கூப்பிட்டாலும் ஆஜர்படுத்தத் தயார் என்றும் மனு அனுப்பினார். அதற்கு மட்டும் உடனே கடிதம் வந்தது: ‘அரசுச் சொத்து தங்கள் வசம் வந்தது எப்படி என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.’ விளக்கம் கேட்கும் விதி எங்கள் அலுவலகத்துக்குத் தெரியாமல் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறுதிப்பட்டது. ஏல ரசீதின் நகலை அனுப்பினோம்.

அவர் அந்த வரியோடேயே ஓய்வு பெற்றார். பின்னால் நானும் ஓய்வு பெற்றேன். மனு ஓய்வு பெறவில்லை. வருஷம் ஒன்று, சில வருஷம் இரண்டு. பரிசீலனையில் உள்ளது என்பார்கள். எங்களைச் சார்ந்ததல்ல என்பார்கள். உரிய வழியில் அனுப்பவும் என்பார்கள். உரிய வழி எது என்று எனக்குத் தெரியும். அது வட்டமாகப் போய்த் தொடங்கிய மேசைக்கே வந்து சேரும். ஆனாலும் டவுனிலிருந்து பஸ் ஏறி, ஆற்றைத் தாண்டி, அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து புது மனு எழுதுவது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் காபி போட்டுத் தருவார். நான் எழுதியதில் ஒரு சொல்லையாவது மாற்றாமல் விடமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது.

“சார், பதில் வந்திருக்கு. வாரியளா? நான் இன்னும் பிரிக்கல.”

போனேன். மழைக்காலம் தொடங்கும் வானம். ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. உறையைப் பிரித்து நான்தான் வாசித்தேன். ‘தாங்கள் குறிப்பிடும் பணிப்பதிவேடு பாதுகாப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே தங்களைப் பற்றிய பாதகக் குறிப்பு எதுவும் இவ்வலுவலகப் பதிவுகளில் இல்லை. மனு முடிக்கப்படுகிறது.’

“ஜெயிச்சிட்டீங்க,” என்றேன். “அந்த வரி இப்ப எங்கயும் கெடையாது. விதிப்படி இதுக்கு மேல ஒரு தீர்ப்பு இல்ல.”

அவர் காகிதத்தை வாங்கித் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, தாமே ஒருமுறை வாசித்தார்.

“திரை ஆடுச்சா, ஆடலயான்னு எழுதலயே சார்.”

“எழுதல.”

“அதத்தான நான் கேட்டேன்.” காகிதத்தை மடியில் வைத்துத் தடவினார். “எனக்குக் கிறுக்கு இல்லன்னு எழுதச் சொன்னா, நானே இல்லன்னுல்லா எழுதிருக்காங்க.”

வெளியில் தூறல் விழுந்தது. அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“சார், இத்தன வருஷத்துல ஒங்ககிட்ட மட்டும் நான் கேட்டதில்ல. ஒங்களுக்கு அது ஆடுச்சா?”

கண்ணால் காணாததைக் கண்டதாகச் சான்றளிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவன் எதற்குமே சான்றளிக்க முடியாது. முடிக்கப்பட்ட கோப்பில் யாரும் எதையும் எழுதக் கூடாது. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பதிலை அவர் மடியிலிருந்து வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்: ‘மேற்படி திரை ஆடியது. நான் என் கண்ணால் பார்த்தேன்.’ கையெழுத்துப் போட்டு, பெயரும் பழைய பதவியும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்ல வாசித்தார். முழுக்க வாசித்துவிட்டு, மாற்றுவதற்கு ஒரு சொல்லும் கிடைக்காதவர் போல மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

“தேதி போடலயே சார். பதில் இன்னைக்குத்தான் வந்திருக்கு. இன்னைக்குத் தேதியே போடுங்க.”

போட்டேன். அக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை.